பேயின் தலையில் போட்ட பழி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது புத்தகமல்ல, ஒரு திரைப்படம். 2019 டிசெம்பரில் வெளிவந்த ‘ஜடா’. குமரன் இயக்கியது, கதிரும் யோகிபாபுவும் நடித்தது. உதைபந்தாட்டக் கதை என்றதும் டயகமவில் எங்கள் லயத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பதினைந்து பேர் கூடிவிட்டோம்.

கரு நல்ல கரு. வடசென்னை இளைஞன் ஒருவன். முறையான ஆட்டத்தில் முன்னேறும் திறமை அவனுக்குண்டு. மனமோ ‘செவன்ஸ்’ எனும் எழுவர் ஆட்டத்தில் கிடக்கிறது. படம் காட்டும் செவன்ஸில் விதி கிடையாது. அடிக்கலாம், மிதிக்கலாம், விழுந்தவன் எழாமலே போகலாம். பயிற்சியாளர் தடுக்கிறார். விளையாட்டு எந்த இடத்தில் வன்முறையாகிறது, அதை மனிதர் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டிய இடம் அது.

பிற்பாதியிலோ ஆவி வந்துவிடுகிறது. முன்பு அந்த ஆட்டத்தில் மாண்ட வீரனின் ஆவி. கெட்டவன் ஒருவன், அவனைத் தண்டிக்க ஒரு பேய், கணக்குத் தீர்ந்தது. கதிரைக் குறைசொல்ல மாட்டேன். 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாம் கண்ட அதே கதிர்தான்; ஓடுகிறார், விழுகிறார், நம்பவைக்கிறார். சறுக்கியது கதை. படம் முடிந்து நாங்கள் நிம்மதியாகத் தேநீர் குடித்தோம். அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது.

ஏனென்று சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்து மைதானத்தில் மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் போட்டி. கடைசி நேரத்தில் நடுவர் எங்கள் கோல் ஒன்றை மறுத்தார். யாரோ ஏசினார்கள், யாரோ கம்பைப் பிடுங்கினார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற நான் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். எதிரணிக் கோல்காப்பாளன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் தலைக்கட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

“எவன் எறிஞ்சான்னு பாத்தீங்களாண்ணே?”

“பாக்கலப்பா” என்றேன்.

அங்கே வில்லனும் இல்லை, பேயும் இல்லை. ஒரே மலையில் வேலை செய்யும் மனிதர்கள்தான். 1980 ஓகஸ்ட் 16 அன்று, அன்றைய கல்கத்தாவின் ஈடன் கார்டன் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. களத்தில் மூண்ட சச்சரவு பார்வையாளரிடையே பரவியது; கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டார்கள். 1985 மே 29 அன்று பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் யுவென்டஸ் ரசிகர்கள் மீது பாய்ந்தபோது, நெரிசலில் சிக்கியும் சுவர் சரிந்தும் 39 பேர் போனார்கள். பாய்ந்தவர்களில் பலர் வீட்டில் நல்ல பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள். என் வீட்டிலும் நான் நல்ல பிள்ளைதான்.

விதியற்ற ஆட்டம் நடக்க வேண்டுமானால் கைதட்ட ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தின் கதையைச் சொல்லியிருந்தால் ‘ஜடா’ எங்களைத் தலைகுனிய வைத்திருக்கும். பழியைப் பேயிடம் ஒப்படைத்துவிட்டு, பார்த்து நின்ற நம்மையெல்லாம் அது விடுதலை செய்துவிட்டது.

நெற்றித் தழும்போடு அவனும் அன்று எங்களோடு உட்கார்ந்திருந்தான். ஆவி பழிவாங்கியபோது கைதட்டினான். நானும் தட்டினேன்.

இந்த நிகழ்ச்சியை அவன் தவறாமல் கேட்பவன். தம்பி, அந்தக் கல் என்னுடையது.