கவிழ்த்து வைத்த கோப்பைகள்

1942 ஏப்ரல் 18. ஹார்னெட் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 விமானங்களில் 80 அமெரிக்க வீரர்கள் ஜப்பான் மீது குண்டு வீசக் கிளம்பினார்கள். தலைவர் டூலிட்டில்.

1959-இல் டூசான் நகரம் இவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளிக் கோப்பை கொடுத்தது. ஒவ்வொன்றிலும் பெயர் இருமுறை: ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. ஒருவர் இறந்தால் கோப்பையைக் கவிழ்ப்பார்கள். அப்போதும் பெயரைப் படிக்கலாம்.

கோப்பைகளோடு சேர்த்து வைத்திருந்தது, டூலிட்டில் பிறந்த 1896-ஆம் ஆண்டு பிராந்தி ஒரு புட்டி. கடைசி இருவர் மிஞ்சும்போது திறப்பதாக ஏற்பாடு. முதுமை காத்திருக்குமா? நால்வர் இருக்கையிலேயே, 2013 நவம்பரில், ஓஹையோவின் டேட்டன் நகர அருங்காட்சியகத்தில் திறந்துவிட்டார்கள். வர முடிந்தது மூவருக்குத்தான். திறந்தவர் ரிச்சர்ட் கோல், டூலிட்டிலின் துணை விமானி. 80 பேரில் கடைசியாக மறைந்தவரும் அவரே, 2019-இல், 103 வயதில்.