கரிசக்காட்டுக்கு எத்தனை லென்ஸ்?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணை மட்டும் மூணு தடவை கேட்டேன். சென்னையில வேலை பார்க்கிற ஒரு நேயர். கையில ஒரு பழைய ஏபிஎஸ்-சி கேமரா இருக்கு, அதுகூடவே வந்த 18-55 லென்ஸும் இருக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மூணு நாள் போய் கரிமூட்டம், தறி, கண்மாய் எல்லாம் படம் எடுத்து ஒரு போர்ட்ஃபோலியோ பண்ணணும்னு ஆசை. அதுக்காக ஒரு ஃபுல்ஃப்ரேம் பாடி, ஒரு 70-200 லென்ஸ் ரெண்டையும் இஎம்ஐ-ல எடுக்கலாமான்னு கேட்கிறார். "கடன் வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு முடிச்சிருந்தார்.

வேண்டாம். ஆனா அதோட விட்டா இந்த எபிசோட் தேவையில்லை. "கேமராவா முக்கியம், கண்ணுதான் முக்கியம்"னு தத்துவம் பேசுறது எனக்குப் பிடிக்காது. கேமரா முக்கியம்தான். எது முக்கியம்ங்கிறது நீங்க போற ஊரைப் பொறுத்து மாறும், அவ்வளவுதான். எங்க அம்மாச்சி ஊர் அந்தப் பக்கம். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போறதால அந்த ஊர் வெயிலும் புழுதியும் பஸ்ஸும் எனக்கு நல்லாவே பழக்கம். அதை வச்சுத்தான் சொல்றேன்.

முதல்ல வெளிச்சம். மதுரையிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர்ல அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே போனா திருச்சுழி. நடுவுல தட்டையான மானாவாரி பூமி, சீமைக் கருவேலம், அங்கங்கே பனை. நிழல் தர்ற மரம்னு தேடினா கண்மாய்க் கரையிலோ கோயில் பக்கமோதான் இருக்கும். காலையில விடிஞ்சதிலிருந்து எட்டு, எட்டரை வரைக்கும் வெளிச்சம் அருமையா இருக்கும். அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல. இடைப்பட்ட எட்டு மணி நேரம் ஆகாசமும் மண்ணும் சேர்ந்து வெளுத்துப் போய் நிக்கும். முகம் எடுத்தா கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு கறுப்புக் குழிதான் தெரியும்.

ஆக, ஒரு நாள்ல நீங்க படம் எடுக்கிறது நாலு, நாலரை மணி நேரம். பையைச் சுமக்கிறது பன்னிரண்டு மணி நேரம். இந்தக் கணக்கைக் கடையில யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டாங்க.

நானே போடுறேன். ஃபுல்ஃப்ரேம் பாடி சுமார் 700 கிராம். எஃப் 2.8 அளவுல 70-200 லென்ஸ்னா ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரைக்கும். அதே தரத்துல 24-70 எடுத்தா இன்னும் முக்கால் கிலோ சுமார் வரும். ட்ரைபாட் ஒன்றரை கிலோ. பேட்டரி, சார்ஜர், பையோட சொந்த எடை எல்லாம் சேர்த்தா ஆறு கிலோவைத் தாண்டும். இன்னும் தண்ணி சேர்க்கலை. அந்த ஊர்ல நடக்கிறவங்களுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கண்டிப்பா வேணும், அது ரெண்டு கிலோ. எடை தாங்கலைன்னா நாம முதல்ல குறைக்கிறது தண்ணியைத்தான். லென்ஸை எவனும் வீட்ல வச்சுட்டு வர மாட்டான்.

உங்க பழைய ஏபிஎஸ்-சி பாடியும் 18-55-ம் சேர்ந்தே முக்கால் கிலோ சுமார்தான் வரும். அதுகூட ஒரு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வச்சாலும் 200 கிராம்தான் கூடும். இதைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டை விட்டு இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கலாம். நீங்க தேடுற எதுவும் ரோட்டு ஓரத்துல இல்லை. கரிமூட்டம் போடுறது கருவேலங் காட்டுக்குள்ள. கண்மாயோட நல்ல பக்கம் எப்பவும் அந்தக் கரைதான்.

கனமான சாமானா, லேசான சாமானாங்கிற இந்தக் கேள்வி நம்ம பக்கத்துல 160 வருஷத்துக்கு மேல பழசு. லின்னேயஸ் டிரைப்னு ஒரு ராணுவ அதிகாரி, மதராஸ் மாகாண அரசோட போட்டோகிராபரா இருந்தவர். 1857 டிசம்பர்ல பெங்களூரிலிருந்து கிளம்பி திருச்சி, தஞ்சாவூர், மதுரைன்னு சுத்தினார். 1858-ல அவர் எடுத்த மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால் படங்களை இன்னைக்குப் பார்த்தாலும் அசந்து போவீங்க. அவர் சாமான் போனது மாட்டு வண்டியில. அடிக்கு மேல அகலமுள்ள காகித நெகட்டிவ், அதுக்கேத்த பெரிய கேமரா, ரசாயனம் எல்லாம்.

அதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துலயே கண்ணாடித் தகட்டுல எடுக்கிற ஈர முறை வந்திருந்தது. அதுல படம் இன்னும் கூர்மையா வரும். ஆனா தகட்டைப் பூசி, ஈரம் காயறதுக்குள்ள எடுத்து, உடனே கழுவணும். டிரைப் இந்தப் பயணத்துக்கு எடுத்துக்கிட்டது மெழுகு பூசின காகித முறையை. முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கலாம், எடுத்த பிறகு சாவகாசமா கழுவலாம், கண்ணாடி மாதிரி உடையவும் உடையாது. இந்த வெயிலுக்கும் வண்டிப் பாதைக்கும் எது ஒத்து வரும்ங்கிறதுதான் அவருக்குக் கணக்கா இருந்திருக்கு. இத்தனைக்கும் 1860 வாக்குல செலவு கட்டுப்படியாகலைன்னு அரசாங்கமே அந்த வேலையை மூடிடுச்சு. இஎம்ஐ கட்ட முடியாம போனது ஒரு மாகாணமேன்னு வச்சுக்கோங்க!

இதுக்கு நேர் எதிர் உதாரணத்துக்குத் திருச்சுழியிலயே ஒரு முனை இருக்கு. ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல பிறந்தது அந்த ஊர்லதான். அவரோட சின்ன வயசுத் திருச்சுழிப் படம்னு எதுவும் நம்மகிட்ட இல்லை. கிடைக்கிறதுல பழைய படம்கூட அவர் திருவண்ணாமலை போன பிறகு, இருபது வயசை ஒட்டி எடுத்தது. ஆனா 1950 ஏப்ரல்ல, அவரோட கடைசி நாட்கள்ல, படம் எடுக்க அங்கே இருந்தவர்கள்ல ஒருத்தர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 14-ம் தேதி ராத்திரி மகரிஷி மறைஞ்ச நேரத்துல வானத்துல ஒரு எரிநட்சத்திரம் போனதைப் பார்த்தேன்னு சொன்னவரும் அவர்தான். அவர் வழக்கமா வச்சிருந்தது ஒரு சின்ன லைகா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ். பளபளன்னு தெரியக்கூடாதுன்னு கேமராவோட வெள்ளி நிற பாகத்துல கறுப்பு டேப் ஒட்டி வச்சிருப்பார். லைகா அன்னைக்கும் ஏழை வாங்குற சாமான் கிடையாது, அது வேற விஷயம். ஆனா கையடக்கமா இருந்ததாலதான் கூட்டத்தோட கூட்டமா நிக்க முடிஞ்சது. உங்க ஏபிஎஸ்-சி பாடியில ஒரு 35 எம்எம் மாட்டினா கிட்டத்தட்ட அதே 50 எம்எம் பார்வைதான் கிடைக்கும்.

சரி, இப்போ புழுதிக்கு வரேன். கரிசல் புழுதி ரொம்ப நைசு. கரிமூட்டத்துப் பக்கம் போனா அதோட கரித்தூளும் சாம்பலும் சேரும். கருவேலங் கட்டைகளைக் குவியலா அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வச்சு, நாள் கணக்குல புகைய விட்டுப் பிரிப்பாங்க. பிரிக்கிற அன்னைக்குக் காத்து முழுக்கத் தூள்தான். அங்கே நின்னு லென்ஸ் கழட்டுறதும் சோத்துப் பானையைத் திறந்து ரோட்டுல வைக்கிறதும் ஒண்ணு. சென்சார்ல உட்கார்ந்த தூசி அன்னைக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து வெளுத்த ஆகாசத்தைப் பெரிசு பண்ணிப் பார்க்கும்போதுதான் புள்ளி புள்ளியாத் தெரியும். அதனால என் விதி ஒண்ணுதான்: காலையில அறையை விட்டுக் கிளம்பும்போது எந்த லென்ஸோ, மத்தியானம் திரும்புற வரைக்கும் அதே லென்ஸ். மாத்தியே ஆகணும்னா நிழலான இடத்துல, கேமராவை ஆஃப் பண்ணி, வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு மாத்துங்க. லென்ஸ் கண்ணாடியில தூள் பட்டா ரப்பர் ப்ளோயரால ஊதிட்டு அப்புறம்தான் துணி. சட்டை நுனியால துடைச்சா அது துடைக்கிறது இல்லை, உப்புத்தாள் போடுறது. இன்னொண்ணு, நல்ல ஆங்கிள் கிடைக்குதேன்னு மூட்டத்து மேல ஏறிடாதீங்க. உள்ளே கட்டை எரிஞ்சு வெறுமையா இருக்கும், கால் உள்ளே போயிரும்.

சூடு. பெரும்பாலான கேமரா மேனுவல்ல 40 டிகிரி வரைக்கும்னுதான் போட்டிருப்பாங்க. ஐபோனுக்கு 35-தான். சித்திரை, வைகாசியில இங்கே காத்தே அந்த அளவுக்குச் சுடும், கறுப்புப் பைக்குள்ள இன்னும் மேல போகும். பைக்கு மேல ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுடுங்க, அதுவே பெரிய வித்தியாசம். டவுன் பஸ்ல டிரைவர் பக்கத்துல இன்ஜின் மூடி மேல பையை வைக்கச் சொல்வாங்க, அன்பாத்தான் சொல்வாங்க. வேண்டாம்னு சொல்லி மடியில வச்சுக்கோங்க. மடியில வச்சுக்கிற அளவுக்கு மேல பை இருந்தா அது பெரிய பை. வீடியோ எடுக்கிறவங்க நீளமா ஓட விடாம துண்டு துண்டா எடுங்க, சூட்டுல முதல்ல நிக்கிறது வீடியோதான். மிரர்லெஸ் வச்சிருக்கவங்க லென்ஸ் மூடியில்லாம சூரியனைப் பார்த்து கேமராவை வைக்காதீங்க.

தறி வேற கதை. அருப்புக்கோட்டைத் தெருக்கள்ல தறி இருக்கிற அறை பெரும்பாலும் இருட்டு. ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட். இங்கேதான் அந்த 35 எஃப் 1.8-க்கு வேலை. கிட் லென்ஸைவிட ரெண்டு, மூணு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபிளாஷ் வேண்டாம், நூல் மேல கண்ணு வச்சு வேலை செய்றவங்க முகத்துல அடிக்கிற சாமான் இல்லை அது. மிரர்லெஸ்ல சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் சில எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், படத்துல கோடு கோடா விழும். மெக்கானிக்கல் ஷட்டர்ல 1/100 அல்லது 1/50 வச்சா சரியாயிடும். அந்த வேகத்துல நாடா போறது கொஞ்சம் கலங்கித் தெரியும், அது அழகாத்தான் இருக்கும். விசைத்தறிக் கூடத்துல ஷட்டர் சத்தத்தைப் பத்திக் கவலையே படாதீங்க, நீங்க கத்தினாலே யாருக்கும் கேட்காது.

இனிமே சொல்றதுதான் 70-200 வேண்டாம்னு நான் சொன்னதுக்குப் பெரிய காரணம். கரிமூட்டத்துல வேலை பார்க்கிறவங்க பெரிய லென்ஸைப் பார்த்ததும் முதல்ல கேட்கிறது "எந்த டிவி தம்பி?" அடுத்தது "ஆபீஸ்ல இருந்து வர்றீகளா?" மரம் யாரோடது, நிலம் பட்டாவா புறம்போக்கா, கூலி எவ்வளவு, எல்லாமே அங்கே வம்பு வரக்கூடிய சமாச்சாரம். உங்க படம் எங்கேயாவது வெளியாகி கான்ட்ராக்டர் கண்ணுல பட்டா நாளைக்கு வேலை போறது உங்களுக்கு இல்லை. அந்தப் பயம் நியாயமானது. தூரத்துல நின்னு 200 எம்எம்-ல இழுத்து எடுத்தா அவங்க அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வழி இல்லை. 35 எம்எம் வச்சிருந்தா ஆறேழு அடிக்குள்ள போயே ஆகணும். போனா "அக்கா, படம் எடுக்கலாமா"ன்னு கேட்டே ஆகணும். அவங்க வேண்டாம்னா வேண்டாம். ஒரு தடவை ஒரு அக்கா, "மூஞ்சி வேணாம், கையை எடுத்துக்க"ன்னாங்க. கரி அப்பின அந்தக் கைப் படம்தான் அன்னைக்கு எனக்குக் கிடைச்சதுலயே நல்ல படம்.

கோயிலுக்கும் இதே அளவு பை போதும். திருச்சுழியில குண்டாற்றங்கரையில இருக்கிற திருமேனிநாதர் கோயில் பாடல் பெற்ற தலம். உள்ளே கேமராவுக்கு அனுமதி உண்டான்னு முதல்ல கேட்டுக்கோங்க. செல்போனுக்கே தடை போடச் சொல்லி 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. லட்ச ரூபாய் சாமானை வாசல்ல யாரை நம்பி விட்டுட்டுப் போவீங்க?

ட்ரைபாடுக்குப் பதிலா ஒரு காலித் துணிப்பை எடுத்துட்டுப் போங்க. அங்கேயே மண்ணை அள்ளிப் போட்டு, கண்மாய்க் கரைச் சுவர்ல வச்சு அது மேல கேமராவை உட்கார வைக்கலாம். பறவைக்கு மட்டும்தான் நீள லென்ஸ் நிஜமாவே வேணும். ஐப்பசி, கார்த்திகை மழை நல்லாப் பெய்ஞ்சு கண்மாய் நிறைஞ்சிருந்தா தை மாசம் போங்க. அப்போ சென்னையிலயே ஒரு 70-300 வாடகைக்கு எடுத்துக்கலாம்.

நேயருக்குக் கணக்கு இது: செகண்ட் ஹேண்ட்ல ஒரு 35 எஃப் 1.8, கூட ஒரு பேட்டரி, ஒரு ப்ளோயர், ரெண்டு சின்ன கார்டு. கடன் வாங்க வேண்டிய தொகை இல்லை. விமானத்துல போறதா இருந்தா தனி பேட்டரியைக் கைப்பையில வைங்க, செக்-இன் பெட்டியில போடக்கூடாது. மிச்சப் பணத்துல ஒரு நாள் கூடத் தங்குங்க. அந்த நாலாவது நாள் அருப்புக்கோட்டையில ஒரு ஸ்டுடியோவுல 4×6 பிரிண்ட் போட்டு, படத்துல இருக்கிறவங்க கையில கொண்டு போய்க் கொடுத்துட்டு, எந்தப் படத்தை வெளியே காட்டலாம்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு ரயில் ஏறுங்க.