மயக்கம் உறக்கம் அன்று
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

என் தம்பிக்கு ஆறு வயதானபோது குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்தார்கள். "காலையில் ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்றார்கள். ஏன் என்பதை யாரும் சொல்லவில்லை. பசியால் அழுத பிள்ளைக்கு ஆயா அரை டம்ளர் பால் கொடுத்துவிட்டார். அறுவை தள்ளிப்போயிற்று, அப்பாவின் ஒரு நாள் கூலியும் போயிற்று. ஆயாவை எல்லோரும் ஏசினோம். கல்லூரியில் உடலியல் படித்த பிறகே, அந்த அரை டம்ளர் பாலின் பொருள் எனக்கு விளங்கியது.

உறங்கும்போது தொண்டையில் ஏதேனும் சிக்கினால் இருமி விழித்துக்கொள்கிறோம். முழு மயக்கத்திலோ, நினைவும் வலியும் மட்டுமின்றி, இருமல், விழுங்கல் ஆகிய காவலர்களும் ஓய்ந்துவிடுகின்றனர். அப்போது இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பொதுவாக, திட உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி விடுவர். தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் தவறே. சிறு உடலில் நீரும் சர்க்கரையும் விரைவில் குறையும். மருத்துவர் குறிக்கும் நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து வலியற்ற அறுவைக்கு வழிகாட்டினார். மறு ஆண்டே அது கல்கத்தாவை எட்டியது. இன்று ஊசிக்கு அஞ்சும் குழந்தைகளுக்குச் செவோஃப்ளுரேன் என்னும் மருந்தை முகமூடி வழியே சுவாசிக்கச் செய்கிறார்கள். மயக்க மருத்துவர் அறுவை முடியும்வரை மூச்சையும், நாடித்துடிப்பையும், குருதியின் ஆக்சிஜன் அளவையும் கவனித்தபடி உடனிருப்பார்.

ஆனால் தாய் முதலில் கேட்பது அவரை அன்று; தனக்குப் பழக்கமான குழந்தை மருத்துவரைத்தான். "மயக்கம் கொடுத்தால் பிள்ளை எழுந்திருக்குமா?" என்ற கேள்விக்கு அவர் தெளிவாக விடை கூற வேண்டாமா? சளி, காய்ச்சல், ஆடும் பல், குடும்பத்தில் முன்பு யாருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லும்படி அவரே நினைவூட்டலாம். ஆகவே, குழந்தை மருத்துவத்தில் பட்டமேற்படிப்புப் படிப்போர்க்கு மயக்கவியல் அறிவு இன்றியமையாதது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே நம் புதுவையின் ஜிப்மர். இவ்விரு துறைகளும் அங்கே ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுவது நமக்கு வாய்த்த நல்ல வசதி.

தோழர்களே, படித்தவர் இல்லாத வீட்டில் "கொடுக்காதே" என்ற கட்டளை மட்டும் போதாது. காரணமும் சென்று சேர வேண்டும். சென்ற விடுமுறையில் ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கொடுத்திருப்பேனா?" என்றார்.