வைத்தியமும் மருந்தும்

ஆங்கிலங் கற்கும் மாணாக்கர் ‘மெடிக்கல்’, ‘மெடிசினல்’ என்னும் இரு அடைமொழிகளிடையே மயங்குவதுண்டு. முன்னது வைத்தியக் கலையையும் தொழிலையும் சார்ந்தது. பின்னது நோய் தணிக்கும் மருந்துக் குணத்தைக் குறிப்பது. கோப்பாயில் வேலியோரம் நிற்கும் ஆடாதோடை ‘மெடிசினல்’ செடி. வைத்தியர் வழங்கும் சான்றிதழ் ‘மெடிக்கல்’ சான்றிதழ்.

இவ்வேறுபாட்டை அறியத் தமிழே துணை. 1848இல் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியக் கல்வியைத் தொடங்கிய டாக்டர் சாமுவேல் கிறீன், அறுவைச் சிகிச்சை நூலொன்றைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ எனப் பெயரிட்டார். அந்நூல் கூறுவது தொழிலை. ஆகவே ‘வைத்தியம்’ என்றார்.

எனவே, ‘வைத்திய’ என்பது பொருந்துமிடத்து ‘மெடிக்கல்’ என்க. ‘மருந்து’ பொருந்துமிடத்து ‘மெடிசினல்’ என்க. இன்னொன்றும் மறவற்க: முற்றத்தில் ‘மெடிசினல்’ செடி நிற்பினும், விடாத காய்ச்சலுக்கு ‘மெடிக்கல்’ ஆலோசனையே வேண்டும்.