ஆறா, ஏழா? ஒரு கோல்ஃப் லீக்கின் விதித்தாள்

தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்கு லோக்கல் ரூல்ஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டு காம்பவுண்டுக்குள் நேராகப் போய் விழுந்தால் அவுட். ஒரு பிட்ச் விழுந்த பந்தை ஒரே கையில் பிடிச்சாலும் அவுட். சாக்கடைக்குப் போனால் அடிச்சவன்தான் எடுக்கணும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டங்களை எழுதியது அந்தத் தெருவின் அகலமும் அந்த வீட்டுப் பாட்டியின் கோபமும்தான். நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கசின்களிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட சட்டங்கள் அவை.

கோல்ஃபிலும் அப்படியே. ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் விதிப்புத்தகம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் அந்தந்த மைதானத்துக்கும் லீக்குக்கும் தனியாக ஒரு தாள் உண்டு. எங்கள் ஊர் பொது மைதானத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் 9 ஹோல் ஆடும் லீக்குக்கு அந்தத் தாளைத் தயார் செய்வது மூன்று வருஷமாக என் பொறுப்பு. லீக்கில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கோம். 12 வயதான பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து ஆடலாம். தாளை எல்லாருக்கும் அனுப்புவேன். பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்பாக்கள் பெரும்பாலும் படிப்பதில்லை.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டஸ்டின் ஜான்சன் கதையைச் சொல்வேன். 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப், விஸ்கான்சினில் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானம். கடைசி நாள், கடைசி ஹோல், ஒரு ஸ்ட்ரோக் முன்னிலை. அவர் பந்து போய் நின்றது கூட்டம் மிதித்துக்கொண்டிருந்த ஒரு மணல் திட்டில். அது பங்கர் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பந்துக்குப் பின்னால் கிளப்பை மணலில் வைத்தார். ஆனால் பங்கராக அமைத்த எல்லா மணற்பரப்பும், ரசிகர்கள் நடமாடும் இடமாக இருந்தாலும், பங்கர்தான் என்று அந்த வார லோக்கல் ரூல்ஸ் தாளில் தெளிவாக அச்சடித்திருந்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக் பெனால்ட்டி. ப்ளேஆஃப் ஆட வேண்டியவர் ஐந்தாம் இடத்தில் இன்னும் சிலரோடு முடித்தார். கோப்பை மார்ட்டின் கைமருக்குப் போனது.

எங்கள் தாளில் அந்த அளவுக்கு நாடகம் கிடையாது. ஒரே பக்கம். வெள்ளைக் குச்சி, சிவப்புக் குச்சி, இளம் மரங்கள், பந்தை நகர்த்தி வைக்கும் சலுகை, அதிகபட்ச ஸ்கோர். அவ்வளவுதான்.

இதில் எல்லாரும் குழம்புவது குச்சிகளின் நிறத்தில். சிவப்புக் குச்சி நட்டிருந்தால் அது பெனால்ட்டி ஏரியா. குளம், ஓடை, சில இடங்களில் புதரும் அதற்குள் வரும். பந்து உள்ளே போனால் அங்கிருந்தே அடிக்கலாம், அல்லது ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டியோடு வெளியே ட்ராப் செய்யலாம். வெள்ளைக் குச்சி வேறு. அது மைதானத்தின் எல்லை. அதைத் தாண்டிய பந்து செத்த பந்து. புத்தகப்படி ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டி போட்டுக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடந்து போய் மறுபடி அடிக்கணும்.

மாலை லீக்கில் இது நடக்கிற காரியமா? பின்னால் நாலு பேர் டீயில் காத்து நிற்பாங்க, செப்டம்பரில் ஏழு மணிக்கெல்லாம் இருட்டிடும். அதனால்தான் 2019 விதிகளோடு ஒரு மாதிரி லோக்கல் ரூல் வந்தது. மேல்மட்டப் போட்டிகளுக்கு அது வேண்டாம் என்கிறார்கள், நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் அது. திரும்பி நடக்க வேண்டாம். பந்து எல்லை தாண்டிய இடத்துக்கு நேராக, குழிக்குப் பக்கமாகப் போகாமல், ஃபேர்வே ஓரம் வந்து ட்ராப் செய்யலாம். விலை இரண்டு ஸ்ட்ரோக். மூன்று நிமிஷம் தேடியும் கிடைக்காத பந்துக்கும் இதே வழி. 'ஏன் ரெண்டு? சிவப்புக்கு ஒண்ணுதானே?' என்று வருஷா வருஷம் யாராவது கேட்பாங்க. ஒன்று பெனால்ட்டி. இன்னொன்று, டீயிலிருந்து ஃபேர்வேக்கு வர நீங்கள் மறுபடி அடித்திருக்க வேண்டிய அடி. அந்த அடியை அடிக்காமலே அங்கே வந்து நிற்கிறீர்கள், அதற்கான காசு.

இளம் மரங்களைச் சுற்றிக் கட்டை நட்டிருந்தால் பந்தை எடுத்து வெளியே ட்ராப் செய்தே ஆகணும். பெனால்ட்டி இல்லை. மீறி அங்கிருந்து அடித்தால் இரண்டு. மழைக்காலத்தில் ஃபேர்வேயில் சேறு இருந்தால் பந்தைத் துடைத்து ஒரு கிளப் நீளத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அதிகபட்ச ஸ்கோர், பாரின் இரண்டு மடங்கு. பார் 4 ஹோலில் எட்டைத் தொட்டதும் பந்தைப் பையில் போடலாம். புதிதாக ஆட வரும் பிள்ளை பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே அழாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

லோக்கல் ரூல்ஸ் எதுவரைக்கும் போகலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1940-ஐச் சேர்ந்தது. லண்டன் பக்கத்து ரிச்மண்ட் கோல்ஃப் கிளப் போர்க்காலத்துக்கென்று தற்காலிக விதிகள் போட்டது. போட்டி நடுவே குண்டு விழுந்தால் ஓடி ஒளிந்துகொள்ளலாம், பெனால்ட்டி இல்லை. அடிக்கும் அதே கணத்தில் குண்டு வெடித்து அடி கெட்டுப்போனால் அதே இடத்திலிருந்து இன்னொரு பந்து அடிக்கலாம், ஆனால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டி! என் மாமனாரிடம் சொன்னேன். 'குண்டு போட்டவனுக்குத்தானே அபராதம் போடணும்?' என்றார்.

ஆனால் தாளில் எழுதிய சலுகை வேறு, ஆடும்போது காதோடு காதாகக் கொடுக்கும் சலுகை வேறு. நம் ஆட்கள் நல்லவங்க. 'விடுங்க சார், பரவாயில்லை', 'சின்னப் பிள்ளைதானே, இன்னொரு தடவை அடிக்கட்டும்' என்று தாராளமாக விடுவாங்க. விதி 1.3 இந்தத் தாராளத்தை ஏற்பதில்லை. ஒரு விதியோ பெனால்ட்டியோ பொருந்தும் என்று தெரிந்தும் இரண்டு பேர் சேர்ந்து அதை விட்டுவிடச் சம்மதித்தால் அந்த இருவரும் போட்டியிலிருந்து நீக்கம். ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டியைவிட அதை மன்னிப்பதற்கான தண்டனை பெரிது. முதலில் படித்தபோது எனக்கு இது கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. நம் குரூப்பில் மன்னித்த அடியை, நாலு ஹோல் தள்ளி ஆடும் குடும்பம் தன் கார்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. இரக்கம் காட்டணும் என்றால் ஏப்ரலிலேயே தாளில் எழுதி எல்லாருக்கும் காட்டுவோம்.

கோல்ஃபில் நம்மோடு அம்பயர் நடந்து வருவதில்லை. உங்கள் கார்டை இன்னொருவர் எழுதுவார், அவர்தான் மார்க்கர். முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போடணும். 1968 மாஸ்டர்ஸில் ரோபர்ட்டோ டி விசென்சோ 17-வது ஹோலை மூன்றில் முடித்தார், மார்க்கர் நான்கு என்று எழுதிவிட்டார், இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கூடுதல் எண்ணே நிலைத்தது. ப்ளேஆஃப் போக வேண்டியவர் ஒரே ஸ்ட்ரோக்கில் தோற்றார். குறைத்து எழுதிய கார்டில் கையெழுத்துப் போட்டாலோ நீக்கம்தான். பெனால்ட்டி இருப்பதே தெரியாமல் விட்டுப்போனால் மட்டும் விலக்கு உண்டு.

போன சீசனில் இது எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள்ளேயே வந்தது. 13 வயதுப் பெண் ஒருத்தி இன்னொரு குடும்பத்து அப்பாவுக்கு மார்க்கர். ஐந்தாவது ஹோலில் அவர் பந்து வேலியைத் தாண்டிப் போனது. ஃபேர்வேயில் ட்ராப் செய்தார், அடித்தார், கிரீனுக்கு ஒரு சிப், இரண்டு பட். 'ஆறு போடும்மா' என்றார். அவள் பென்சிலைப் பிடித்தபடி, 'ஏழு அங்கிள். வெள்ளைக் குச்சிக்கு ரெண்டு' என்றாள். அவர் சிவப்புக் கணக்குப் போட்டிருந்தார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் ஒரு சின்னப் பெண் திருத்தியது அவருக்குச் சுருக்கென்றிருக்கிறது. ஏழு என்று எழுதச் சொல்லிவிட்டு மீதி நாலு ஹோலும் பேசாமல் நடந்தார்.

மறுநாள் அவள் அம்மா எனக்கு ஃபோன் செய்தார். 'வீட்டில் பெரியவங்களை எதிர்த்துப் பேசாதேன்னு சொல்றோம். இங்கே நீங்க அவ கையில் பென்சிலைக் கொடுத்து அதைத்தான் செய்யச் சொல்றீங்க. பிள்ளைகள் மார்க்கரா இருக்கணுமா?'

நியாயமான கேள்வி. ஆனால் தப்பென்று தெரிந்தே ஆறுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், புத்தகப்படி அந்த மார்க்கரையும் நீக்கணும். பெரியவருக்கு மரியாதை கொடுத்ததற்காகப் பிள்ளை வெளியே போவாள். எண்ணை வாங்கும் வேலையைப் பிள்ளையிடமிருந்து எடுக்க எனக்கு மனமில்லை. எண்ணைச் சொல்லும் வேலையைப் பெரியவரிடம் முழுசாகக் கொடுத்தேன்.

அடுத்த வாரத் தாளில் ஒரு வரி சேர்ந்தது: கிரீனை விட்டு இறங்கும் முன் ஆடியவரே அடியையும் பெனால்ட்டியையும் பிரித்துச் சத்தமாகச் சொல்லணும், மார்க்கர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதணும். 'அஞ்சு அடி, ரெண்டு பெனால்ட்டி, ஏழு.' இப்படிப் பிரித்துச் சொன்னால் பெரும்பாலான தப்பு சொல்பவர் வாயிலேயே நின்றுவிடும். தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இரண்டு வரி: வெள்ளை 2, சிவப்பு 1.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது சரி என்றார். ஆனால் ஒரே ஒரு வாரம் மட்டும் மகளை வேறு குரூப்பில் போடச் சொன்னார். போட்டேன்.