பழகு தமிழ் – 9: அந்த 'நீ' யார் கொடுத்தது?

பெயர்ச்சொல் கற்றுக்கொள்ள வாத்தியார் வேண்டாம், வேலை போதும். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வந்த கொஞ்ச நாளில் மண்ணு, தண்ணி, அச்சு, கல்லு, கூலி, மேஸ்திரி எல்லாம் வாயில் வந்துவிடும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் யாரும் 'கற்கள்' என்பதில்லை. முன்னால் எண் வந்தால் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' இல்லாமலே காரியம் நடக்கும் என்பதை அவர்கள் காதாலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

வேற்றுமை சேரும்போது கொஞ்சம் இடறும். மரம் எப்படி 'மரத்தை' ஆனது, வீடு ஏன் 'வீட்டுக்கு' ஆனது என்று திகைப்பார்கள். பெருநகர் என்ற ஊரை ஒட்டி ஓடும் செய்யாறு, "செய்யாத்துல தண்ணி வருது" என்றானதும் வேறு ஏதோ ஆறு என்று நினைப்பார்கள். அதுவும் பழகப் பழகச் சரியாகிவிடும். தமிழ் பழகுகிறவர் உண்மையில் அடிவாங்கும் இடம் பிரதிப்பெயர்தான், அதிலும் முன்னிலை.

காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில், பெருநகர் டீக்கடையில் கண்டது இது. கிரஷரில் வேலை பார்க்கும் பிகார்ப் பையன். பெஞ்சில் இடம் விட்ட பெரியவரிடம் சிரித்த முகமாக, "நீ டீ சாப்ட்டியா?" என்றான். பெரியவருக்குச் சுருக்கென்றது. "இன்னாடா, நீ வா போன்றே?" கடைக்காரர்தான் சமாதானம் செய்தார்: "உடுங்க தாத்தா, அவனுக்கு அதான் தெரியும்."

அதுதான் தெரியும் என்பது சரி. ஏன் அது மட்டும் தெரிகிறது? மரியாதை அவனுக்குப் புதிதில்லை. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி இருக்கிறது. ஒடியாவிலும் வங்காளத்திலும் மூன்று படிதான். ஆனால் குவாரியிலும் சூளையிலும் ஓட்டல் அடுப்படியிலும் அவனிடம் பேசப்பட்ட தமிழில் 'நீங்க' வந்ததே இல்லை. "டேய் வாடா, நீ இத எடு, நீ அங்க போ." காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னான், நாம் கொடுத்த சில்லறையை நம்மிடமே நீட்டியதுபோல.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார், அழகப்பன் என்ற துபாஷியை வைத்துக்கொண்டார், ஏடுகளைத் தேடித் தேடிப் படித்தார். 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சாயிற்று. அவரை 'டேய்' என்று கூப்பிட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் சீகன்பால்க் ஐயர் என்றே சொல்கிறார்கள். கற்கிறவனுக்கு ஊரில் என்ன இடமோ, அந்த இடத்துத் தமிழ்தான் அவனுக்குக் கிடைக்கும்.

படர்க்கையில் வேறு சங்கடம். ஒடியாவில் 'சே', இந்தியில் 'வோ'. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான். இங்கே அவன், அவள், அவர், அது என்று பிரித்துவிட்டு வினைமுற்றையும் அதற்கு ஏற்பத் திருப்ப வேண்டும். உயர்திணை, அஃறிணை என்று கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தால் தெளிந்துவிடும் என்று நினைப்போம். ஆனால் வீட்டுக்குள் போனால் "கொழந்த அழுவுது", "அந்தப் பொண்ணு, அது நல்லாப் படிக்குது" என்கிறார்கள். அந்த 'அது'வில் இருப்பது செல்லம். அதே 'அது'வை வேறு குரலில் சொன்னால் அவமானம். எந்தப் பாடநூலும் இந்தக் குரலை அச்சிட முடியாது.

தப்பிக்க ஒரு வழியை ஊரே வைத்திருக்கிறது: உறவுப்பெயர். அண்ணா, அக்கா, தாத்தா, ஆயா என்று தொடங்கிவிட்டால் 'நீ'யா 'நீங்க'ளா என்று தடுமாறினாலும் யாரும் கோபிப்பதில்லை. புதிதாக வந்தவருக்கு முதல் பாடமாக எண்களைச் சொல்லித்தருவதைவிட இந்த நாலு சொல்லைத் தரலாம் என்பது என் கட்சி.

உறவுப்பெயர் என்றதும் பக்கத்து உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு, 919-லும் 921-லும் வெட்டியவை. வாரியம் என்னும் ஊர்க்குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் இடக்கூடாது என்று விதி. யார் யார் உறவு என்பதற்குச் சிற்றவை மக்கள், பேரவை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. முறைப்பெயர் படிக்க இதைவிட உறுதியான பாடநூல் வேண்டாம், கல்லிலேயே இருக்கிறது.

அந்த இரண்டாவது கல்வெட்டில் என்னைப் பிடித்துக்கொள்ளும் சொல் 'சபையோம்'. சபை பெயர்ச்சொல், 'ஓம்' தன்மைப் பன்மை விகுதி. "சபையினராகிய நாங்கள்" என்பதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்த 'நாங்க'ளின் வாரியத்துக்குள் வர, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். ஏரி வெட்டியவரும் ஏர் ஓட்டியவரும் வெளியேதான். நாம், நாங்கள் என்று இரண்டு பன்மை வைத்திருக்கும் மொழி இது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். இந்திக்காரருக்கு 'ஹம்' ஒன்றே இரண்டுக்கும் போதும்; நம்மிடம் வந்தபிறகுதான், யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் திட்டத்துக்குத் 'தமிழ் மொழி கற்போம்' என்று பெயர். அதிலும் அதே 'ஓம்'. நாங்கள் கற்போமா, நாம் கற்போமா என்பதை அந்த விகுதி சொல்லாது. பிள்ளைகள் வகுப்பில் 'நீங்க' கற்றுக்கொண்டு சூளைக்குத் திரும்புவார்கள். அங்கே மேஸ்திரி அவர்களுடைய அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையும் கேட்பார்கள். இரண்டில் எது சரியான தமிழ் என்று வாத்தியாரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இடையில் அந்தப் பெரியவர் சொன்ன 'இன்னா' உங்கள் காதில் விழுந்திருக்கும். வினாப்பெயர்களை அங்கிருந்தே அடுத்த வாரம் தொடங்கலாம்.