வட்டத்துக்குள் நுழைந்த படக்கருவி

1980ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நியூயார்க் நகரின் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் சிறுவர்கள் சிலரைக் காவலர்கள் பிடித்து வைத்தனர். கலவரம் செய்தார்கள் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். செய்தித்தாள் ஒன்றில் பணியாற்றிய மார்த்தா கூப்பர் என்னும் புகைப்படக் கலைஞர், படமெடுக்க அங்கு அனுப்பப்பட்டார். தாங்கள் சண்டை போடவில்லை, நடனம்தான் ஆடினோம் என்று சிறுவர்கள் சாதித்தனர். அப்படியானால் ஆடிக் காட்டுங்கள் என்றனர் காவலர்கள். சிறுவர்களும் ஒருவர்பின் ஒருவராக ஆடிக் காட்டினர். கூப்பர் படமெடுத்தார். ஆனால், அந்தப் படங்களைச் செய்தித்தாள் வெளியிடவில்லை. கலவரம் இல்லையென்றால் செய்தியும் இல்லை போலும்!

அந்தச் சிறுவர்கள் ஆடியது ‘பிரேக்கிங்’. உலகம் பின்னர் ‘பிரேக் டான்ஸ்’ என்று அழைத்த அதே நடனம். இன்று அதன் தொடக்கக் காலத்தை ஏக்கத்தோடு பேசுவோர் பலர். அடித்தட்டு மக்களின் தெருக்கள், அட்டைப்பெட்டியை விரித்த நடைபாதை, தோளில் சுமந்த பெரிய வானொலிப் பெட்டி, தடித்த நாடா கட்டிய காலணி ஆகியவை அவர்கள் மனக்கண்ணில் தோன்றும் காட்சிகள். அவர்களுள் பெரும்பாலோர் அந்தத் தெருக்களுக்குப் போனதே இல்லை. அவர்கள் நினைவுகூர்வது திரைப்படங்களில் கண்டதைத்தான். ஆகவே, அந்த நடனத்தைப் படக்கருவி எப்போது கண்டது, எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

நடனம் பிறந்தது படக்கருவி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புதிய உடைகள் வாங்கப் பணம் திரட்ட வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்னும் இளம்பெண் அதனை ஏற்பாடு செய்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு. இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்ப்பெல். ஜமைக்கா நாட்டில் பிறந்த அவருக்கு அப்போது வயது 18. ‘டீஜே கூல் ஹெர்க்’ என்ற பெயரில் அவரை உலகம் அறியும்.

ஹெர்க் ஒன்றைக் கூர்ந்து கவனித்திருந்தார். ஒரு பாடலில் குரலும் பிற கருவிகளும் அடங்கி, தாளக் கருவிகள் மட்டும் முழங்கும் சிறு பகுதி ஒன்று வரும். அதற்குப் பெயர் ‘பிரேக்’. பாடல் முழுவதும் சும்மா நின்றவர்கள்கூட அந்தச் சில விநாடிகளுக்காகக் காத்திருந்து ஆடினார்கள். ஆனால், ஆடத் தொடங்குவதற்குள் அது முடிந்துவிடும். எனவே, ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழற்றிகளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும் கணத்தில் மற்றொன்றில் அதே பகுதியைத் தொடங்கினார். இது முடிந்ததும் மீண்டும் முதல் தட்டு. சில விநாடித் தாளம் பல நிமிடத் தாளமாக நீண்டது. அந்தத் தாளத்துக்கு ஆடியவர்களே ‘பி-பாய்’, ‘பி-கேர்ல்’ ஆனார்கள். இசைத்தட்டுக் கலை, ராப், கிராஃபிட்டி ஓவியம், பிரேக்கிங் ஆகிய நான்கும் சேர்ந்து வளர்ந்த பண்பாட்டுக்கு ‘ஹிப் ஹாப்’ என்று பெயர் வந்தது.

அக்காலப் பிராங்ஸ் பற்றியும் ஒரு சொல். பெரிய நெடுஞ்சாலை ஒன்று அப்பகுதியைப் பிளந்து சென்றதால் பல குடும்பங்கள் வீடிழந்தன. வசதி படைத்தோர் வெளியேறினர். கட்டடங்கள் அடிக்கடி தீக்கிரையாயின. இளையர் கும்பல்கள் தெருக்களைப் பங்கு போட்டுக்கொண்டன. இத்தகைய இடத்தில், ஒருவரையொருவர் தொடாமலே மோதிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. அதுதான் ‘பேட்டில்’ எனப்படும் நடனப் போட்டி.

பேட்டிலின் அமைப்பு எளிமையானது. கூட்டம் வட்டமாக நிற்கும். இந்த வட்டத்தைச் ‘சைஃபர்’ என்பார்கள். ஒருவர் உள்ளே இறங்குவார். முதலில் நின்றபடியே தாளத்துக்கு அடியெடுத்து வைப்பார். அது ‘டாப்ராக்’. பிறகு கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களை வேகமாகச் சுழற்றுவார். முதுகிலோ தலையிலோ பம்பரம்போல் சுழல்வார். முடிவில் எதிர்பாராத ஒரு நிலையில் சட்டென்று உறைந்து நிற்பார். அந்த உறைநிலைக்கு ‘ஃப்ரீஸ்’ என்று பெயர். பெரும்பாலும் அது எதிராளியைப் பார்த்துச் செய்யும் கேலியாகவே இருக்கும். இப்போது எதிராளியின் முறை. அவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒருவர் பாடி நிறுத்தியதும் மற்றவர் உடனுக்குடன் பாட்டுக்கட்டி மடக்கும் நம் எசப்பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தெருப்போட்டியில் நடுவர் கிடையாது, மதிப்பெண் கிடையாது. கூட்டத்தின் ஆரவாரமே தீர்ப்பு.

பேட்டிலில் கடுமையான விதி ஒன்று இருந்தது. பிறருடைய அசைவை அப்படியே எடுத்து ஆடக்கூடாது. அதனை அவர்கள் ‘கடித்தல்’ என்று சொல்லிப் பழித்தனர். ஓர் அசைவைக் கண்டுபிடித்தவருக்கு அது சொத்து மாதிரி. கற்றுக்கொள்ளலாம், ஆனால், தன்னுடையதாக மாற்றிய பிறகே வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படக்கருவி வந்ததும் முதலில் ஆட்டம் கண்டது இதுதான்.

1981ஆம் ஆண்டு ஏப்ரலில், சேலி பேன்ஸ் என்னும் எழுத்தாளர் இந்நடனத்தைப் பற்றி நியூயார்க் வார இதழ் ஒன்றில் விரிவாக எழுதினார். படங்களைக் கூப்பர் அளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், நகரின் புகழ்பெற்ற கலைமையமான லிங்கன் சென்டரின் திறந்தவெளியில் ‘ராக் ஸ்டெடி குரூ’வும் ‘டைனமிக் ராக்கர்ஸ்’ குழுவும் மோதின. தெருவில் பிறந்த கலையைக் காணச் செய்தியாளர்கள் திரண்டனர்.

இவ்விரு குழுக்களும் சறுக்குக் காலணி அரங்கம் ஒன்றில் மோதிய காட்சியை ‘ஸ்டைல் வார்ஸ்’ என்னும் ஆவணப்படத்தில் காணலாம். டோனி சில்வர், ஹென்றி சால்ஃபன்ட் ஆகியோர் உருவாக்கிய இப்படம் 1983இல் வெளிவந்தது. இரயில் பெட்டிகளில் ஓவியம் தீட்டிய இளையரைப் பற்றிய படம் இது. நடனத்துக்குக் கிடைத்த இடம் சிறிது. ஆயினும், பேட்டில் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் சுட்டுவது இந்தச் சிறு பகுதியைத்தான். இங்கே யாரும் நடிக்கவில்லை.

சார்லி ஆஹர்ன் இயக்கி, அதே ஆண்டில் வெளிவந்த ‘வைல்ட் ஸ்டைல்’ கதைப்படம். கதை என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், ஓவியராக நடித்தவர் உண்மையான கிராஃபிட்டி ஓவியர். ராப் பாடியவர்கள் உண்மையான ராப் கலைஞர்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஒரு சமையலறையில் நின்று இசைத்தட்டுகளைக் கையாளும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. கதை பலவீனமான அந்தப் படம், அக்காலத்தின் ஆவணமாக வலுப்பெற்றுவிட்டது.

இவ்விரு படங்களையும் பார்த்தவர்கள் குறைவு. நடனத்தை உலகத்தின் கண்முன் நிறுத்தியது 1983 ஏப்ரலில் வெளியான ‘ஃபிளாஷ்டான்ஸ்’ என்னும் ஹாலிவுட் படம். அதில் ராக் ஸ்டெடி குரூ தெருவோரத்தில் ஆடும் காட்சி மிகச் சிறியது. இருந்தும், திரையரங்கை விட்டு வெளியே வந்த இளையர் பலர் பேசியது அதைத்தான். அப்படத்தின் இறுதியில் கதாநாயகி நடனத் தேர்வில் முதுகைத் தரையில் வைத்துச் சுழல்வார். உண்மையில் அங்கே சுழன்றவர் ‘கிரேஸி லெக்ஸ்’ என்னும் பெயர்பெற்ற ராக் ஸ்டெடி குரூ இளைஞர். பெண்ணாகத் தோன்றப் பொய்முடி அணிவித்திருந்தார்கள். கோடிக்கணக்கானோர் அந்தச் சுழற்சியைக் கண்டார்கள், சுழன்றவரைக் காணவில்லை. அக்காலத்துத் திரையுலகம் இக்கலையை நடத்திய விதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு இரண்டு படங்கள் வந்தன. ‘பிரேக்கின்’ லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடப்பது. அதில் மிகுதியும் இடம்பெற்றவை ‘பாப்பிங்’, ‘லாக்கிங்’ எனப்படும் மேற்குக் கடற்கரை நடனங்கள். அவற்றின் வேர் வேறு. ஊடகங்களோ எல்லாவற்றையும் ‘பிரேக் டான்ஸ்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டின. மூத்த கலைஞர்கள் பலர் இன்றும் அச்சொல்லை விரும்புவதில்லை. மற்றொரு படம் ‘பீட் ஸ்ட்ரீட்’. ஹேரி பெலாஃபோன்டே தயாரிப்பாளர்களுள் ஒருவர். ‘ராக்ஸி’ என்னும் நியூயார்க் நடன அரங்கில் ராக் ஸ்டெடி குரூவும் நியூயார்க் சிட்டி பிரேக்கர்ஸ் குழுவும் மோதும் காட்சி அதன் உயிர். கதைக்காக அமைக்கப்பட்ட மோதல்தான். ஆனால், ஆடியவர்கள் உண்மையிலேயே எதிரெதிர்க் குழுவினர் என்பதால் அதில் அனல் பறக்கிறது.

‘பீட் ஸ்ட்ரீட்’ எதிர்பாராத இடத்திலும் பரவியது. கம்யூனிச ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில் 1985இல் அதைத் திரையிட அரசு அனுமதித்தது. முதலாளித்துவ நாட்டின் வறுமையை அது காட்டும் என்பது அதிகாரிகளின் கணக்கு. இளையரோ வறுமையை விட்டுவிட்டு நடனத்தைப் பார்த்தார்கள். மறுநாள் முதல் தெருக்களில் சுழலத் தொடங்கினார்கள். ஜப்பானுக்கு ‘வைல்ட் ஸ்டைல்’ கலைஞர்களே 1983இல் நேரில் சென்றனர். அதன்பின் தோக்கியோவின் யோயோகி பூங்கா நடனமாடுவோர் கூடும் களமானது.

இவர்களெல்லாம் எப்படிக் கற்றார்கள்? ஆசிரியர் இல்லை, பள்ளி இல்லை, இன்றுபோல் திறன்பேசியில் காணொளியும் இல்லை. வீடியோ நாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் ஓடவிட்டுக் கற்றார்கள். அதாவது, பார்த்ததை அப்படியே செய்தார்கள். பிராங்ஸ் வட்டத்தில் எது பெருங்குற்றமோ, அதுவே உலகின் பிற பகுதிகளில் கற்றலின் முதற்படி ஆயிற்று. இதைத் தவறென்று நான் கருதவில்லை. 1980களின் நடுப்பகுதியில் விளம்பரங்களிலும் தொலைக்காட்சியிலும் திகட்டத் திகட்டக் காட்டப்பட்ட இந்நடனம், அமெரிக்காவில் பழைய சட்டைபோல் ஒதுக்கப்பட்டது. அப்போது அதை விடாமல் ஆடிக் காத்தவர்களுள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நாடாக்களைப் பார்த்துக் கற்றவர்களும் உண்டு. 1990இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘பேட்டில் ஆஃப் தி இயர்’ பின்னர் உலகப் போட்டியாக வளர்ந்தது.

ஆனால், பழம்படங்கள் மறைத்துவிட்ட ஒன்றும் உண்டு. படக்கருவி வந்தது 1980ஐ ஒட்டி. நடனம் பிறந்தது 1973ஐ ஒட்டி. இடைப்பட்ட ஆண்டுகளில் ஹெர்க்கின் விருந்துகளில் ஆடிய முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்க இளையர். 1970களின் இறுதிக்குள் அவர்களுள் பலர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தனர். அவர்களுக்குப்பின் அதை ஏந்திப் புது அசைவுகளால் வளர்த்தவர்களுள் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளையர் மிகுதி. படங்களில் நாம் காண்பது இந்த இரண்டாம் தலைமுறையைத்தான். ‘தொடக்கக் காலம்’ என்று நாம் ஏங்கும் காலம் உண்மையில் தொடக்கமன்று. 2002இல் வெளிவந்த ‘தி ஃபிரெஷஸ்ட் கிட்ஸ்’ ஆவணப்படம் மூத்தவர்கள் சிலரைப் பேசவைத்தது. அவர்கள் சொல்லக் கேட்கலாம். அவர்கள் அன்று ஆடியதைப் பார்க்க முடியாது. பெண்களின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் விருந்தை ஏற்பாடு செய்தவர் ஒரு பெண். பழம்படங்களின் வட்டத்துக்குள்ளோ பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறையாக இடம்பெற்றது. ஒன்பது நடுவர்கள் ஐந்து கூறுகளைக் கொண்டு மதிப்பிட்டனர். அவற்றுள் ஒன்று தனித்தன்மை. கடிக்கக்கூடாது என்ற பழைய விதி இப்போது மதிப்பெண்ணாக மாறியிருந்தது. எந்த இசை ஒலிக்கும் என்பது ஆடுவோருக்கு முன்கூட்டித் தெரியாது. அதை டீஜே அந்த நேரத்தில் முடிவு செய்தார். பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானின் ஆமி. ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விசார்ட்.

1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் நூற்றுக்கணக்கான பிரேக் நடனக்காரர்கள் திடலில் ஆடினர். அதே நகரில் 2028இல் மீண்டும் ஒலிம்பிக் நடைபெறுகிறது. அதன் போட்டிப் பட்டியலில் பிரேக்கிங் இல்லை.